வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் வாடை: மூலத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மன் கோவில் கொடைக்கு ஊருக்கு வந்து, மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாடை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ துபாயிலோ இருக்க, வீடு மட்டும் இங்கே நிற்கும். உடனே ஜன்னலைத் திறந்து, பினாயில் ஊற்றித் தரையைக் கழுவி, சாம்பிராணி போடுவோம். அன்றைக்குச் சரியாகிவிடும். மறுநாள் காலையில் அதே வாடை திரும்ப வரும். நாம் விரட்டியது காற்றில் இருந்ததை மட்டும்தான். அது புறப்பட்டு வரும் இடத்தைத் தொடவே இல்லை.

அதனால் என் முதல் வேண்டுகோள் இது. மூலம் எது என்று தெரியும்வரை வாசனைப் பொருள் எதையும் வீட்டுக்குள் பயன்படுத்தாதீர்கள். ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி, ரசகற்பூர உருண்டை, எலுமிச்சை மணம் போட்ட தரை கழுவி எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். தேடுவதற்கு நம்மிடம் இருக்கிற கருவி மூக்கு ஒன்றுதான். அதைக் குழப்பிவிட்டால் தேடவே முடியாது.

ஆபத்தான இரண்டை முதலில் பார்த்துவிடுங்கள்

சமையல் கேஸுக்கு இயற்கையாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த வாடை அடுப்படியில் தரையோரமாக வந்தால் வேறு எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தாழத்தான் தேங்கும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. செல்போனையும் வெளியே வந்து எடுத்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொன்று, சைவ வீட்டில்கூட வரும் மீன் கவிச்சி. கீசர், ஏசி, அயர்ன்பாக்ஸ் போடும் பெரிய பிளக்கில் வயர் தளர்ந்திருந்தால் சூடேறும். அந்தச் சூட்டில் பிளக்கின் பிளாஸ்டிக்கிலிருந்து மீன் மாதிரியோ மூத்திரம் மாதிரியோ ஒரு வாடை வரும். சுவிட்ச் போர்டு பழுப்பு நிறமாக மாறியிருக்கிறதா, பிளக்கைச் சுற்றிக் கருகல் தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

எப்போது, எங்கே

வீட்டுக்குள்ளேயே இருப்பவரின் மூக்கு கொஞ்ச நேரத்தில் எந்த வாடைக்கும் பழகிவிடும். அதனால்தான் ஊரிலிருந்து வரும் மதினி வாசலில் கால் வைத்ததும் “என்ன வாடை இது?” என்று கேட்பாள், நமக்கோ ஒன்றும் தெரியாது. அப்படி ஒருவர் வந்தால் கையோடு பிடித்துக்கொள்ளுங்கள். முதல் மூச்சில் அவர் சொல்வதுதான் நம்பகமானது.

தனியாகத் தேடுவதானால், ராத்திரி எல்லா அறைக் கதவையும் தனித்தனியாகச் சாத்திவிடுங்கள். ஃபேன் ஓடவேண்டாம். காலையில் காபி போடுவதற்கு முன்பே கால் மணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து முதல் மூச்சை மட்டும் கவனியுங்கள். ஓர் அறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாசலுக்குப் போய் வந்தால் நல்லது. எந்த அறை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கப்புறம் அந்த அறையில் தரையோரம், இடுப்பு உயரம், பரண் உயரம் என்று மூன்று மட்டத்திலும் முகர்ந்து பாருங்கள்.

வாடைக்கு ஒரு நேரமும் உண்டு. அதை ஒரு தாளில் குறித்து வைத்தால் தானாகவே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காலையில் மட்டும் இருந்து, குளித்த பிறகு குறைந்தால் பாத்ரூமில் தண்ணீர் போகும் ஓட்டை. வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது மட்டும் வந்தால் கழிவுக் குழாய். மழை பெய்தால் வந்தால் சுவரோ செப்டிக் டேங்கோ. ஏசி போட்ட முதல் ஐந்து நிமிடம் மட்டும் என்றால் ஏசிதான்.

நம் ஊருக்கென்று ஒரு குறிப்பும் உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தென்காசியில் தொடங்கிக் கயத்தாறுவரை விடாமல் வீசும். செப்டிக் டேங்கோ அதன் காற்றுக்குழாயோ வீட்டுக்கு மேற்கே இருந்தால், அந்த இரண்டு மூன்று மாசமும் வாடை நேராகப் பட்டாசலுக்கு (கூடத்துக்கு) வரும். புரட்டாசி போனால் நின்றுவிடும். உள்ளே எவ்வளவு கழுவினாலும் இது தீராது, குழாயை உயர்த்தத்தான் வேண்டும்.

தண்ணீர் போகும் ஓட்டைகள்

நான் பார்த்தவரையில் காரணம் தெரியாத வாடைகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாத்ரூம் தரையில் ஜாலிக்குக் கீழே குழாய் நேராகச் செப்டிக் டேங்குக்கோ வாறுகாலுக்கோ (கழிவுநீர் ஓடும் கால்வாய்க்கோ) போவதில்லை. நடுவில் ஒரு வளைவு இருக்கும். அந்த வளைவில் இரண்டு அங்குலம் அளவுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். கழிவு கீழே இறங்கும், காற்று மேலே ஏற முடியாது. பிளம்பர்கள் அதை டிராப் என்பார்கள். அந்தத் தண்ணீர் வற்றிவிட்டால் செப்டிக் டேங்குக்கும் உங்கள் அறைக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. சித்திரை வெயிலில், புழங்காத பாத்ரூமில், அது வற்றச் சில வாரங்கள் போதும். பூட்டின வீட்டு வாடை பெரும்பாலும் இதுதான்.

சோதிப்பது சுலபம். டார்ச் அடித்து ஜாலிக்குள் பாருங்கள். தண்ணீர் மினுங்கினால் தடுப்பு இருக்கிறது. மினுங்கவில்லை என்றால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். தண்ணீர் நிற்கிறது, வாடையும் போய்விட்டது என்றால் வேலை முடிந்தது. ஊருக்குப் போகும்போது எல்லா ஓட்டையிலும் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து ஆவியாவதைத் தடுக்கும். விருந்தினர் பாத்ரூம், மாடியில் யாரும் போகாத கக்கூஸ், வாஷ்பேசின், மொட்டைமாடியில் துவைக்கும் இடம் எதையும் விடவேண்டாம்.

தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை என்றால் டிராப் உடைந்திருக்கலாம், அல்லது வைக்காமலே கட்டியிருக்கலாம். பழைய வீடுகளில் அடுக்களை அங்கணத்திலிருந்து (பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து) ஒரு துளை நேராகப் புறவாசல் வாறுகாலுக்குப் போகும், நடுவில் எதுவும் இருக்காது. அந்தக் காலத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போனது, அதனால் கவலை இல்லை. இப்போது அதே துளையைத் தெருச் சாக்கடையோடு இணைத்துவிட்டால் கரப்பானும் வாடையும் அந்த வழியே வரும். அங்கே ஒரு டிராப் வைக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான்.

தண்ணீர் நிற்கிறது, ஆனால் வேறு எங்காவது பெரிதாகத் தண்ணீர் விடும்போது “களக் களக்” என்று சத்தம் போட்டு வாடை அடிக்கிறதா? அப்படியானால் குழாய்க்குக் காற்று போகும் வழி இல்லை. மேலிருந்து இறங்கும் தண்ணீர் போகிற போக்கில் டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. காற்றுக்குழாய் அடைத்திருக்கும். அதன் வாயில் பறவைக்கூடு இருக்கும், அல்லது கொசுவலை துருவேறி மூடியிருக்கும். அந்தக் குழாய் மொட்டைமாடியில் ஆள் உயரத்துக்கு மேலே, ஜன்னல்களைத் தாண்டிப் போகவேண்டும். தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே குட்டையாக விட்டிருந்தால் நீட்டிவிடுங்கள்.

அடுத்தது இணைப்புகள். வாஷ்பேசினுக்கும் சிங்குக்கும் கீழே இருக்கும் சுருள் பிளாஸ்டிக் குழாய், தரையில் இருக்கும் பெரிய குழாய்க்குள் சும்மா செருகப்பட்டிருக்கும். சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி. வாஷிங் மெஷின் குழாயும் இப்படித்தான் இருக்கும். அந்த இடத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள் (ஒதுக்கி வைத்த ஊதுபத்திக்கு இந்த ஒரு வேலைதான்). புகை நேராக மேலே போகாமல் தள்ளப்பட்டால் உள்ளிருந்து காற்று வருகிறது. ரப்பர் வளையம் கடைகளில் கிடைக்கும், அதைப் போட்டு அடையுங்கள். எம்-சீல் வைத்துப் பூசினாலும் நிற்கும், ஆனால் அடுத்த தடவை கழற்றுவது சிரமம். கேஸ் வாடை இருக்கும் வீட்டில் இந்தப் புகைச் சோதனையைச் செய்யவே கூடாது.

கக்கூஸ் கோப்பையின் அடியில், தரையைத் தொடும் இடத்தில் சிமெண்ட் விரிந்திருந்தாலும் வாடை கசியும். அங்கே ஈரம் காயாமல் இருப்பது அடையாளம். வெள்ளை சிமெண்ட் பூசுவதற்கு முன் கோப்பை ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் பூச்சு நிற்காது, கழற்றித்தான் பதிக்கவேண்டும்.

அடுக்களை

புளித்த வாடை வந்தால் கிரைண்டரைச் சந்தேகப்படுங்கள். டிரம்மைத் தினமும் கழுவுகிறோம், சரி. டிரம்மைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் தட்டைப் பாருங்கள். மாவுத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் காய்ந்து, ஓரத்தில் பழுப்பாகத் தோல் கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் அடியில் ஈரமும் கறுப்புப் பூசணமும் இருக்கும். குழவிக் கற்கள் கோத்திருக்கும் கம்பியின் இரண்டு முனையிலும், மாவு தள்ளும் பலகையின் திருகு மறையிலும் இதே கதைதான். பழைய பல் துலக்கும் பிரஷ், வெந்நீர், கொஞ்சம் சோப்பு போதும். கழுவிய கல்லை அப்படியே மூடிவைக்காமல் காயவிட்டு மூடுங்கள்.

ஃப்ரிட்ஜ் வெளியே சுத்தமாக இருந்தும் பக்கத்தில் போனால் வாடை வந்தால், பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு சின்னத் தட்டு இருக்கும், அதைப் பாருங்கள். உள்ளே உருகும் தண்ணீர் அங்கே வந்துதான் ஆவியாகும். பால் கொட்டினால் அதுவும் அங்கேதான் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழுவுங்கள். உள்ளே பின்சுவரின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையையும் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள்.

சாக்கின் அடியில் அழுகிய ஒற்றை உருளைக்கிழங்கு செத்த எலிக்குச் சமமாக நாறும், அதனால் எலியைத் தேடும் முன் உருளைக்கிழங்கைத் தேடுங்கள். சிக்கு வாடை என்றால் எண்ணெய் டின்னின் அடி, டின் உட்காரும் பலகை, சிம்னியின் வலை. கருவாடு வைக்கும் பானையைச் சாமான் அறைக்குள் வைக்காதீர்கள். அரிசி, பருப்பு எல்லாம் அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும்.

சிங்க் அடைப்புக்குச் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நுரை வருவதைப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், கொழுப்பு அப்படியே இருக்கும். சிங்குக்கு அடியில் வாளியை வைத்து, பாட்டில் டிராப்பைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவுவதே உண்மையான வைத்தியம்.

செத்த எலி

பிணவாடை திடீரென்று ஒருநாள் தொடங்கி, நாளுக்கு நாள் கூடி, ஒரு வாரம் பத்து நாளில் மெல்லக் குறையும். சின்னச் சுண்டெலி என்றால் சீக்கிரம் காயும், பெருச்சாளி என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். எலி மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்பதை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது தன் வளைக்குள்ளேதான் சாகிறது. மருந்துக்குப் பதில் பொறி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதில் மூக்கைவிட ஈ நல்ல துணை. பச்சையும் நீலமுமாகப் பளபளக்கும் பெரிய ஈக்கள் எந்த இடுக்கைச் சுற்றுகின்றன என்று பகல் நேரத்தில் கவனியுங்கள். மச்சு, பரண், ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் சந்து, ஃப்ரிட்ஜின் பின்புறம், சோபாவின் அடித்துணி, கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும் சாக்கு என்று வரிசையாகப் போங்கள். பல்லி என்றால் சுவிட்ச் பெட்டிக்குள்ளோ டியூப்லைட் பட்டைக்குப் பின்னாலோ இருக்கும். மெயினை அணைக்காமல் திறக்காதீர்கள்.

எடுக்கும்போது கையுறை போடுங்கள். பிளீச்சிங் கலந்த தண்ணீரை முதலில் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, எலியையும் சுற்றியுள்ள புழுக்கையையும் ஈரமாகவே அள்ளுங்கள். காய்ந்ததைப் பெருக்கினால் தூசு மூக்குக்குள் போகும். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் வெறுங்கால், வெறுங்கை கூடாது. எட்ட முடியாத சுவர்ச் சந்தில் விழுந்திருந்தால், அந்த அறையை மூடி ஜன்னலைத் திறந்துவைத்துக் காயும்வரை பொறுப்பதும் ஒரு வழிதான். சுவரை உடைப்பது எப்போதும் தேவைப்படாது.

செத்தது எதுவும் இல்லை, ஆனால் கஸ்தூரி மாதிரி குமட்டும் வாடை ராத்திரியில் சுவரோரமாக வருகிறது என்றால் அது மூஞ்சூறு. வாசற்கதவின் அடி இடைவெளியையும் வாறுகால் துளையையும் வலைபோட்டு அடைத்தால் போதும்.

ஈரமும் பூசணமும்

ஐப்பசி கார்த்திகை மழையில் வரும் மக்கின வாடைக்குச் சுவர் காரணமா, காற்றின் ஈரம் காரணமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சந்தேகப்படும் சுவரில் ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குழாய்க் கசிவோ, வெளிச்சுவர் விரிசலோ, அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரமோ இருக்கும். தாளின் வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. முதல் வகைக்குப் பெயிண்ட் அடிப்பது பணத்தைக் கரைப்பதுதான்.

பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம் துணி பீரோ வைத்திருந்தால் அதை ஒரு சாண் தள்ளி வையுங்கள். பத்தமடைப் பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தாதீர்கள், கோரை ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பூக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விரித்துக் காயவைத்த பிறகே சுருட்டுங்கள். இலவம்பஞ்சு மெத்தை தலையணைக்கு நல்ல வெயில்தான் மருந்து.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். தரையைக் கழுவியும் வாடை தங்கியிருந்தால் தண்ணீர் நின்ற உயரம்வரை பாருங்கள். கட்டிலின் அடிப்பலகை, பிளைவுட் அலமாரியின் முதுகு, நிலைக்கதவின் பின்புறம், சுவிட்ச் பெட்டிக்குள் படிந்த வண்டல். தேக்கும் பலாவும் கழுவிக் காயவைத்தால் பிழைக்கும். ஊறி உப்பின பிளைவுட்டையும் பார்ட்டிகிள் போர்டையும் காப்பாற்ற முயலவேண்டாம். சுவரின் கீழ்ப்பகுதிப் பூச்சு இன்னும் உப்புப் பூத்து உதிர்ந்தால், அந்தப் பூச்சை எடுத்துவிட்டு நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள்.

தண்ணீரே நாறினால்

குழாயைத் திறந்தால் முட்டை வாடை வருகிறதா? ஒரு தம்ளரில் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் முகருங்கள். வாசலில் வாடை இல்லை என்றால் குற்றம் தண்ணீரில் இல்லை, சிங்க் ஓட்டையில். வாசலிலும் இருந்தால் போர் தண்ணீரோ மாடித் தொட்டியோ. கீசர் வெந்நீரில் மட்டும் இருந்தால் கீசருக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பியைப் பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தொட்டியின் மூடி விரிசல் விட்டிருந்தால் பல்லியோ புறாவோ விழுந்திருக்கும். பார்க்காமல் அந்தத் தண்ணீரில் வாய் கொப்புளிக்கக்கூடக் கூடாது. சம்ப்பும் (தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும்) செப்டிக் டேங்கும் பக்கம் பக்கமாக இருக்கும் வீட்டில் மழைக்காலத்தில் தண்ணீரில் வாடை வந்தால், உடனே நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

மற்ற சில இடங்கள்

பூஜை அலமாரியில் படங்களுக்குப் பின்னால் விழுந்த பூ, விளக்கடியில் ஊறிய எண்ணெய்த் துணி. வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் மடிப்பு, அடியில் இருக்கும் வடிகட்டி. ஏசியின் தண்ணீர்த் தட்டு; அதன் குழாயைச் சாக்கடை ஓட்டைக்குள் விட்டிருந்தால் வெளியே எடுத்து விடுங்கள், சாக்கடைக் காற்று அந்த வழியாக ஏறும். கடுவன் பூனை மூத்திரம் அடித்த இடம் காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மழை ஈரத்தில் மறுபடி நாறும். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் ஊதா வெளிச்ச டார்ச்சை இருட்டில் அடித்தால் கறை மினுங்கும். நாய், பூனைச் சாமான் விற்கும் கடையில் என்சைம் கிளீனர் கிடைக்கும், அதுதான் இதற்குச் சரி.

எதைக் கழுவினாலும் ஒன்றை மறக்காதீர்கள். பிளீச்சிங்கையும் கக்கூஸ் ஆசிடையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங்கை மூத்திரக் கறைமேல் ஊற்றுவதும் நச்சு வாயுவைக் கிளப்பும். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதையும் ஜன்னலைத் திறந்துவைத்து.

இன்னும் கிடைக்கவில்லை என்றால்

அறை தெரிகிறது, பொருள் தெரியவில்லை என்றால் சந்தேகப்படும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். தலையணை, கால்மிதி, செருப்பு, ஸ்கூல் பை, பாய். காலையில் ஒவ்வொரு கவராகத் திறந்து முகர்ந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து ஒரு நாள் அறையைக் காலியாகப் பூட்டி வைத்தும் வாடை இருந்தால், அது சுவரிலோ தரைக்கு அடியில் இருக்கும் குழாயிலோ இருக்கிறது. பிளம்பரைக் கூப்பிடும்போது நீங்கள் நேரம் குறித்த தாளைக் கையில் கொடுங்கள். கண்டபடி டைல்ஸை உடைக்காமல் நேராக இடத்துக்குப் போவார்.

செப்டிக் டேங்க் நிறைந்திருக்கிறது என்று தெரிந்தால் உறிஞ்சு லாரியைத்தான் கூப்பிடவேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுவது வழக்கமாக இருக்கட்டும். மூடியைத் திறந்து யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள், நீங்களும் எட்டிப்பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். வாடை இல்லை என்று நினைத்து இறங்கியவர்தான் மயங்கி விழுகிறார், காப்பாற்ற இறங்கியவரும் விழுகிறார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. லாரிக்காரர் “ஒரு ஆள் இறங்கினால் சுத்தமாக முடியும்” என்று சொன்னாலும், வேண்டாம் என்று சொல்லி வேறு லாரியைக் கூப்பிடுங்கள்.